கூரையை விழுங்கிய கார்

ஏழு மோட்டார்கள். பத்து லிமிட் சுவிட்சுகள். பத்து சொலினாய்டுகள். நான்கு ஜாக்கிகள். கூரைக்கு நான்கு பூட்டு, டிக்கிக்கு இரண்டு பூட்டு. இத்தனையையும் ஒன்றோடொன்று இணைக்க 610 அடி ஒயர்!

ஏதோ ராக்கெட் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1957-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி விற்ற ஒரு காரின் கூரையைத் திறந்து மூட மட்டும் இவ்வளவு சாமான்கள். எஞ்சின், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் தனிக் கணக்கு. அதே வருடம் அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பியது. அமெரிக்கா அதற்குள் காரின் கூரையை டிக்கிக்குள் அனுப்பிவிட்டிருந்தது!

காரின் பெயர் ஃபேர்லேன் 500 ஸ்கைலைனர். பட்டனைத் தொட்டால் முதலில் டிக்கியின் மூடி திறக்கும். அதுவும் வழக்கத்துக்கு நேர் எதிராக, முன்பக்கம் தூக்கி பின்பக்கம் சாய்ந்து, முதலை வாயைப் பிளப்பது மாதிரி. பிறகு அந்தக் கனமான இரும்புக் கூரை யாரும் தொடாமல் மெள்ள எழும். பின்னால் நகரும். தன் முன்பகுதியை மடக்கிக்கொண்டு டிக்கிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். மூடி மூடிக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேருவதில்தான் சங்கடமும் இருந்தது. சில சமயம் பாதியிலேயே நின்றுவிடும். டிக்கி மூடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூரை அந்தரத்தில் தொங்கும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. அந்தக் கோலத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏன் நின்றது? எங்கே கோளாறு? எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லத்தான் போகிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சரித்திரம் நம்மைக் கொண்டுபோய் விடுகிற இடம் அமெரிக்கா அல்ல... பாரிஸில், ஒரு பல் வைத்தியர் வீடு!

பிறந்தபோது காருக்குக் கூரையே கிடையாது. குதிரை வண்டியின் வாரிசு அல்லவா? மழை வந்தால் கான்வாஸை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இரும்புத் தகட்டில் மூடிய பாடி கட்டுவது மலிவானதும் மக்கள் திறந்த காரை மெள்ளக் கைவிட்டார்கள். 1920-கள் முடிவதற்குள் அமெரிக்காவில் விற்ற கார்களில் பெரும்பாலானவை மூடிய கார்களாகிவிட்டன.

ஆனால் ஆசை யாரை விட்டது? வெயில் நாளில் திறந்த கார் வேண்டும். மழை நாளில் மூடிய கார் வேண்டும். இரண்டு கார் வாங்க வசதியில்லாதவர்களுக்குத் துணிக்கூரை போட்ட 'கன்வெர்டிபிள்' இருந்தது. அது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். தையல் வழியே ஒழுகும். குளிரைத் தாங்காது. திருடனுக்குப் பூட்டை உடைக்கிற சிரமம்கூட இல்லை, பிளேடு போதும்.

இரும்புக் கூரையையே கழற்றி உள்ளே வைத்தால் என்ன? 1922-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பென் எல்லர்பெக் என்பவர் ஒரு ஹட்சன் காரில் கையால் தள்ளித் திறக்கும் இரும்புக் கூரையைச் செய்து பார்த்தார். வேலை செய்தது. ஆனால், தொழிற்சாலையில் தயாரிக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை.

அதே யோசனை பாரிஸில் இன்னொரு மூளையிலும் உதித்தது. ஜார்ஜ் போலன். 1902-ல் பிறந்தவர். பிழைப்புக்குப் பல் வைத்தியம்; பிரியத்துக்குக் கார். வைத்தியம் முடிந்த நேரத்தில் உட்கார்ந்து கார் படங்களாக வரைந்து தள்ளினார். 1930-களின் தொடக்கத்தில் அவர் பேடன்ட் வாங்கிய யோசனை இதுதான்: கூரை முழுக்க ஒரே துண்டு. அது அப்படியே பின்னால் சரிந்து, எதிர்ப்பக்கமாகத் திறக்கும் டிக்கிக்குள் போய் அடங்கிவிட வேண்டும். இதற்கு மின்சார மோட்டார்.

பாரிஸில் பியூஜோ கார் விற்ற எமில் தார்ல்மா, பாடி கட்டுவதில் கெட்டிக்காரரான மார்செல் பூர்த்து, இவர்களோடு நம் பல் வைத்தியர் – மூவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1934-ல் பியூஜோ 601 எக்லிப்ஸ் வெளிவந்தது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். கூரை கண்ணிலிருந்து மறைகிறது அல்லவா? பொருத்தமான பெயர். பின்பு பியூஜோ கம்பெனியே உரிமையை வாங்கிக்கொண்டு, 402 என்கிற மாடலில் எக்லிப்ஸைத் தொழிற்சாலைத் தயாரிப்பாகவே கொண்டுவந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம். முதலில் வந்த 402 எக்லிப்ஸ்களில் மோட்டார் இருந்தது. கொஞ்ச காலத்திலேயே கம்பெனி அதை எடுத்துவிட்டுக் கையால் திறக்கும் கூரையைப் போட்டுவிட்டது! காரின் நீளம் கூடிற்று, கூரையும் பெரிதாயிற்று, மோட்டார் மட்டும் போய்விட்டது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. மோட்டாரும் ஒயரும் இல்லாத கூரையில் எலெக்ட்ரிகல் கோளாறு என்று எதுவும் வராது. பட்டனின் சுகம் ஒரு பக்கம், பழுது வராத நிம்மதி இன்னொரு பக்கம். இந்த இழுபறி அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

போலன் பல் வைத்தியத்தை விட்டுவிட்டு முழுநேர டிசைனர் ஆனார். 1938-ல் அவர் வரைந்து பூர்த்து கட்டிய ஒரு பென்ட்லி, போருக்குப் பிறகு 1949-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடி ஆறாவது இடம் பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. போலன் ரகசியமாக பிரிட்டிஷாருக்குத் தகவல் அனுப்பும் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார். பாடி கட்டும் தொழிலில் பேர்பெற்ற ஜாக் கெல்னரும் அந்த வேலையில் இருந்தார். 1941-ல் பிடிபட்டார்கள். 1942 மார்ச் 21-ம் தேதி, பாரிஸை ஒட்டிய மோன் வலேரியன் கோட்டையில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். போலனுக்கு நாற்பது வயதுதான். போர் முடிந்தபின் பிரான்ஸ் அவரை விருது கொடுத்து கௌரவித்தது. கூரையை மறைய வைத்தவரின் பெயரைக் கார் உலகம் மட்டும் வெகுகாலம் மறந்துபோயிருந்தது.

அவர் விட்ட இடத்தில் அமெரிக்கா தொடர்ந்தது. 1939-லேயே பிளிமத் கார்களில் பட்டனால் திறக்கும் துணிக்கூரை வந்துவிட்டது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தின் பலத்தால் அது இயங்கியது. 1941-ல் கிறைஸ்லர் 'தண்டர்போல்ட்' என்று மின்சார இரும்புக் கூரை வைத்து ஐந்தே ஐந்து கார்கள் செய்து, ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தியது. போருக்குப் பிறகு பெரும்பாலான துணிக்கூரைகளுக்கு எண்ணெய் அழுத்தம் வந்தது. ஒரு மோட்டார் ஒரு பம்ப்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயைத் தள்ளும். இரண்டு பக்கமும் இருக்கும் சிலிண்டர்கள் கூரையைத் தூக்கும். 1951-ல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிய 'லெ சேபர்' என்ற கண்காட்சிக் காரில் ஒரு படி மேலே போய், மழைத்துளி பட்டதும் கூரை தானாக மூடிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள்!

ஸ்கைலைனரின் கதை ஃபோர்டு குடும்பத்துக்குள்ளேயே ஒரு தத்துப்பிள்ளைக் கதை. டிசைனர் கில் ஸ்பியர் போட்ட யோசனையை, கான்டினென்டல் மார்க் 2 என்ற படு பணக்காரக் காருக்காகத்தான் முதலில் வளர்த்தார்கள். சுமார் இருபது லட்சம் டாலர் செலவு. ஆனால், மார்க் 2-வின் விலையே ஏறக்குறைய 10,000 டாலர். அதன் தலையில் இந்தக் கூரையையும் ஏற்றினால் யார் வாங்குவார்கள்? செலவழித்த பணத்தை எடுக்கவேண்டுமே என்று, லட்சக்கணக்கில் விற்கும் சாதாரண ஃபோர்டு காருக்கு அதைத் தள்ளிவிட்டார்கள். 1957 ஸ்கைலைனரின் விலை 2,942 டாலர். துணிக்கூரை போட்ட ஃபோர்டைவிட ஏறத்தாழ 400 டாலர் அதிகம்.

எண்ணெய் அழுத்தத்தை ஃபோர்டு இன்ஜினீயர்கள் தொடவில்லை. முழுக்க மின்சாரம். மோட்டார் சுற்றும்; அதிலிருந்து வளையும் கேபிள்கள் இரண்டு பக்கமும் போய் திருகு ஜாக்கிகளைச் சுற்றும்; ஜாக்கி தூக்கும். எண்ணெய் ஒழுகாது, சரிதான். ஆனால், பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அது 'வரிசை'.

யோசித்துப் பாருங்கள். டிக்கி மூடி முழுதாகத் திறப்பதற்கு முன் கூரை பின்னால் வந்தால் இரண்டும் மோதி நசுங்கும். பூட்டு விடுபடுவதற்கு முன் ஜாக்கி தூக்கினால் கூரையே முறுக்கிக்கொள்ளும். கூரை உள்ளே இறங்கி முடிப்பதற்கு முன் மூடி மூடினால்... கேட்கவே வேண்டாம். எது முதலில், எது அடுத்தது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு அந்த வேலைக்குச் சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்டெல் தன் முதல் மைக்ரோபிராசஸரை விற்க ஆரம்பித்ததே 1971-ல்தான். 1957-ல் யார் சொன்னது?

அதுதான் லிமிட் சுவிட்ச். நம் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதே, அந்தக் குமிழ் சுவிட்சின் அண்ணன். டிக்கி மூடி முழுதாகத் திறந்து கடைசி இடத்துக்கு வந்ததும் ஒரு சுவிட்சைப் போய் முட்டும். 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த சுவிட்ச் இரண்டு வேலை செய்யும். ஒன்று, டிக்கி மோட்டாரை நிறுத்தும். இரண்டு, அடுத்த மோட்டாருக்குப் போகும் வழியைத் திறக்கும். அந்த மோட்டார் தன் வேலையை முடித்து, தன் பங்குக்கு இன்னொரு சுவிட்சை முட்டும். ஒருவர் ஓடி முடித்து அடுத்தவர் கையில் குச்சியைக் கொடுக்கும் ஓட்டப் பந்தயம் இருக்கிறதே, அப்படி.

ஓடுகிறவர்களுக்குக் கண் கிடையாது. குச்சி கைக்கு வந்தால் ஓடுவார்கள். வராவிட்டால் நின்றபடியே நிற்பார்கள். கூரை அந்தரத்தில் நிற்பதன் ரகசியம் முழுக்க இதுதான். கூரை கெட்டுப்போகவில்லை. தனக்கு முறை வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறது!

இது புரிந்துவிட்டால் கோளாறு தேடுவது துப்பறியும் கதை மாதிரி ஆகிவிடும். கூரை எந்த இடத்தில் நின்றதோ, அதுதான் முதல் தடயம். நின்ற இடத்தைப் பார்த்ததும், 'கடைசியாக முடிந்த வேலை எது? அடுத்து நடக்கவேண்டிய வேலை எது?' என்று கேட்க வேண்டும். குற்றவாளி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருப்பான். 610 அடி ஒயரையும் நோண்ட வேண்டியதில்லை. நாலைந்து அடிக்குள் வேலை முடிந்துவிடலாம்.

பட்டனைத் தட்டினால் ஒன்றுமே அசையவில்லையா? பேட்டரி, சர்க்யூட் பிரேக்கர், பட்டன், எர்த் – இந்த நான்கும் எல்லோருக்கும் பொதுவானவை. முதலில் அங்கே பாருங்கள். ரிலே 'க்ளிக்' என்று அடிக்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லையா? உத்தரவு வந்து சேர்ந்துவிட்டது. கோளாறு ரிலேயின் காண்டாக்டுக்கும் மோட்டாரின் எர்த்துக்கும் நடுவில். மோட்டார் முக்குகிறது, கூரை அசையவில்லையா? மின்சாரத்தின் மேல் பழி போடாதீர்கள். எங்கோ இரும்பு இறுகியிருக்கிறது. மோட்டார் ஜோராகச் சுற்றுகிறது, ஒரு பக்கம் மட்டும் தூக்குகிறதா? உடனே நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக் கேபிள் அறுந்திருக்கிறது. விட்டால் கூரை கோணிக்கொள்ளும்.

எண்ணெயில் இயங்கும் துணிக்கூரைக்கும் இதே நியாயம்தான். பம்ப் சத்தம் கேட்கிறது, கூரை சோம்பல் முறிக்கிறது என்றால், எண்ணெய் குறைந்திருக்கும் அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்ப் சத்தமே இல்லை என்றால் மின்சாரத்தைத் தேட வேண்டும். சத்தத்தைக் காதால் கேட்பதே பாதி வைத்தியம்.

மீதிப் பாதியில் ஒரு பெரிய ஏமாற்று வேலை இருக்கிறது. அதில் விழுந்து எழாத மெக்கானிக் குறைவு.

மோட்டார் ஓடவில்லை. ஒயரை மோட்டாரிலிருந்து கழற்றி, அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. 'கரன்ட் வருதே... அப்போ மோட்டார்தான் அவுட்!' என்று தீர்ப்பு எழுதி, மோட்டாரை மாற்றுகிறார்கள். புது மோட்டாரும் ஓடுவதில்லை.

என்ன நடந்தது? மீட்டர் மிகமிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பாதி பாசி பிடித்த இணைப்பு வழியாகக்கூட அந்தத் துளி மின்சாரம் வந்துவிடும். மோட்டாரின் பசியோ பெரிது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். இப்படி மூன்று இடம் இருந்தால் 6 வோல்ட் காலி. 12-ல் பாதி! மோட்டார் எப்படித் தூக்கும்? ஜார்ஜ் ஓம் 1827-லேயே எழுதிவைத்துவிட்ட விதி இது. எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது.

அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஒயரைக் கழற்றாமல், மோட்டாரை ஓட விட்டபடியே அளப்பார்கள். பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு ஊசி, மோட்டாரின் உடம்பில் ஒரு ஊசி. இரண்டுக்கும் நடுவில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். மீட்டர் இல்லாதவர்கள் பழைய பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்வார்கள். பல்புக்குக் கொஞ்சமாவது பசி உண்டு. இணைப்பு மோசமாக இருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். சில விஷயங்களில் விலையுயர்ந்த மீட்டரைவிட இந்தப் பத்து ரூபாய் பல்பு யோக்கியமானது.

இன்னொரு சபலமும் வரும். 'இந்த லிமிட் சுவிட்ச்தானே தகராறு பண்ணுது? ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் என்ன?' செய்யலாம். கூரையும் நகரும். ஆனால், அதற்குப் பிறகு டிக்கி திறந்ததா இல்லையா என்று கேட்க ஆள் கிடையாது. கண் இல்லாதவன் கையில் இருந்த கோலையும் பிடுங்கிக்கொண்ட கதைதான். அடுத்த முறை டிக்கி பாதி திறந்திருக்கும்போதே கூரை வந்து மோதும். நடுவில் யாராவது கையை வைத்திருந்தால், விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்காக ஒரு நிமிடம் இணைத்துப் பார்க்கலாம், அதுவும் பக்கத்தில் நின்று, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

சரி, ஒயரையே மாற்ற வேண்டிய நிலை வந்தால்? பழைய கன்வெர்டிபிளில் ஒயர் சாகிற இடம் ஒன்று உண்டு. கீல்! டிக்கி மூடியும் கூரையும் ஒவ்வொரு முறை அசையும்போதும் அதன் வழியாகப் போகிற ஒயரும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? வெளியே பிளாஸ்டிக் உறை நன்றாகத்தான் இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும். கூரை ஒரு கோணத்தில் இருக்கும்போது முனைகள் தொட்டுக்கொள்ளும், இன்னொரு கோணத்தில் விலகிவிடும். 'காலையில் வேலை செஞ்சுது, சாயங்காலம் செய்யலை' என்கிற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

மாற்றும்போது சில ஒழுங்குகள் உண்டு. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பிறகு, ஒரு ஒயரைக் கழற்றுவதற்கு முன்பே அதன் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்ட வேண்டும். வயதான ஒயரில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் ஒரே நிறமாகிவிட்டிருக்கும். 'அப்புறம் ஞாபகம் வரும்' என்று நம்பினால் வராது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பிக்கக் கூடாது. ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் போட்டு, சோதித்துவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். பழைய ஒயரின் தடிமனுக்குக் குறையவே கூடாது. மெல்லிய ஒயர் சூடாகும், சூடானால் தீப்பிடிக்கும். கீல் பக்கத்தில் பல இழை முறுக்கிய மெத்தென்ற ஒயராகப் பார்த்துப் போட்டு, தாராளமாக ஒரு வளைவு விட்டுவைக்க வேண்டும். தகட்டு ஓட்டை வழியே போகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பு கத்தியாக மாறி உறையை அறுத்துவிடும். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும்.

இதில் எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பொறுமை மட்டும்தான். ஸ்கைலைனரைப் பார்த்து மெக்கானிக்குகள் மிரண்டதற்குக் காரணமும் அதுதான். அன்றைக்கு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடியவர்கள், ஒயரிங் படத்தைக் கண்டால் ஓடினார்கள். 'தொடாதே, தொட்டால் கெட்டது' என்று ஒரு பெயர் பரவிவிட்டது. ஒழுங்காகப் பராமரித்தவர்களோ, கூரை நன்றாகவே உழைத்ததாகத்தான் சொன்னார்கள்.

பெயர் கெட்டதும் விற்பனையும் கெட்டது. 1957-ல் 20,766 ஸ்கைலைனர்கள் விற்றன. 1958-ல் 14,713. 1959-ல் 12,915. முதல் வருடத்திலேயே அதே ஃபோர்டின் துணிக்கூரைக் கார் 77 ஆயிரத்துக்கு மேல் விற்றிருந்தது. விலை ஒரு காரணம். கூரையை உள்ளே வைத்தபின் சாமான் வைக்க டிக்கியின் நடுவில் ஒரு சின்னத் தொட்டி மட்டுமே மிஞ்சியது இன்னொரு காரணம். 1959 மாடலில் ஏழு மோட்டாரை ஆறாகக் குறைத்துப் பார்த்தார்கள். பயனில்லை. மொத்தம் 48,394 கார்களோடு ஸ்கைலைனர் முடிந்தது.

ஆனால் அந்த இன்ஜினீயர்களின் உழைப்பு வீண்போகவில்லை. எதிர்ப்பக்கமாகத் திறக்கும் டிக்கி, ரிலேக்களின் வரிசை எல்லாம் 1961-ல் லிங்கன் கான்டினென்டலின் நான்கு கதவு கன்வெர்டிபிளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு திறந்த காருக்கே சோதனைக் காலம். கார் உருண்டால் தலைக்கு ஆபத்து என்று அரசாங்கம் கடுமையான விதி கொண்டுவரும் என்ற பயத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1976-ல் கேடிலாக் எல்டொராடோவை 'கடைசி அமெரிக்க கன்வெர்டிபிள்' என்று சொல்லி விற்றார்கள். அந்தப் பயம் நிஜமாகவில்லை. 1980-களில் கன்வெர்டிபிள் திரும்பி வந்துவிட்டது.

இரும்புக் கூரை பெரிய அளவில் திரும்ப 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வந்தது. 25 விநாடியில் கூரை டிக்கிக்குள்! ரிலேக்களின் இடத்தில் மைக்ரோபிராசஸர். பிறகு 2000-ல் பியூஜோ – ஆமாம், அதே பியூஜோ – 206 சி.சி. என்ற சின்ன காரில் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டுகிற விலையில் இரும்புக் கூரையை மடக்கிக் காட்டியது. அடுத்த பத்து வருடம் ஆளாளுக்கு இதையே செய்தார்கள். பின்பு எடையும் விலையும் பழையபடி குறுக்கே நின்றன. துணிக்கூரைகளும் இதற்குள் கெட்டியாக, சத்தமில்லாமல் ஆகிவிட்டிருந்தன. எஸ்.எல்.கே.யின் வாரிசான எஸ்.எல்.சி.யின் தயாரிப்பு 2020-ல் நின்றது. இப்போது மடங்கும் இரும்புக் கூரை சில கார்களில் மட்டும்தான்.

இன்றைய கூரை பாதியில் நின்றால் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார். திரையில் ஒரு எண் வருகிறது. இன்ன சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். சென்சாரை மாற்றுகிறார்கள், சில சமயம் சரியாகிறது, சில சமயம் அதே எண் மறுபடி வருகிறது. சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதிலிருந்து வரும் ஒயர், டிக்கிக் கீலில், உறைக்குள் சத்தமில்லாமல் அறுந்திருக்கும். ஸ்கேனர் எந்த வீடு என்று சொல்லும். வீட்டுக்குள் யார் என்று சொல்லாது. அதற்கு ஒருவர் குனிந்து, ஒயரைக் கையால் மடக்கி நிமிர்த்தி, பல்பை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பட்டன் வேலையைச் சுலபமாக்குகிறது என்று நினைக்கிறோம். பட்டன் வேலையை மறைக்கிறது, அவ்வளவுதான். 610 அடி ஒயரும் ஏழு மோட்டாரும் பத்து சுவிட்சும் நம் விரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. ஒருநாள் கூரை அந்தரத்தில் நிற்கும்போதுதான் அவை இருப்பதே தெரிகிறது.

எழுபது வயதை நெருங்கிவிட்ட ஸ்கைலைனர்கள் இன்னமும் அமெரிக்காவில் ஓடுகின்றன. சொந்தக்காரர்கள் சங்கம் வைத்து, பாகங்களைப் பரிமாறிக்கொண்டு, மஞ்சள் படிந்த ஒயரிங் படங்களைப் பத்திரமாக நகல் எடுத்துக்கொடுக்கிறார்கள். விற்ற கம்பெனி மூன்றே வருடத்தில் கைகழுவிவிட்டது. வாங்கியவர்கள், ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று கற்றுக்கொண்டு, அந்தக் கூரைகளை இன்றைக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.